எழுபதுக்கு முப்பது: மதுரை மாடிக் கஃபே ஒன்றில் ஒரு பேண்டின் சனிக்கிழமை

பைபாஸ் ரோட்டில் ஒரு கஃபேயின் இரண்டாம் மாடி. ஆடி மாதத்துச் சனிக்கிழமை. தமிழில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் ஐந்து பேர் கொண்ட பேண்ட். டிக்கெட் 200 ரூபாய். 78 பேர் வந்தார்கள், நன்றாகவே கைதட்டினார்கள். நடுவில் போலீஸும் ஒருமுறை வந்து போனது. எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது பேண்டுக்குக் கையிலிருந்து போனது 2,280 ரூபாய். கடைக்காரருக்கு டிக்கெட் வகையில் மிஞ்சியது 1,380. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதனால்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது.

மெல்லிசைக் குழுக்களுக்கு வண்டி ஏற்பாடும் கணக்கும் பார்த்த பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கு வாசலில் டிக்கெட் பார்க்க என்னை உட்கார வைத்தார்கள். பேண்டின் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை. இரண்டு தரப்பும் இன்றைக்கும் பேசிக்கொள்கிற ஆட்கள், அது அப்படியே இருக்கட்டும்.

கடை எதை விற்கிறது

பெங்களூரில் ஒரு பப்பில் பேண்டுக்குக் கொடுக்கிற காசு பெரும்பாலும் டிக்கெட்டிலிருந்து வருவதில்லை. பாரிலிருந்து வருகிறது. கூட்டம் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் மேசைக்கு மேசை இன்னொரு சுற்று ஓடும், அந்த லாபத்தில் ஒரு பங்கு மேடைக்குப் போகும். தமிழ்நாட்டில் கணக்கே வேறு. சில்லறை மது விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே மது பரிமாற வேண்டுமென்றால் பொதுவாக மனமகிழ் மன்றங்களுக்கான எஃப்.எல்.2 உரிமமோ, ஹோட்டல்களுக்கான எஃப்.எல்.3 உரிமமோ வேண்டும். மதுரையில் ஒரு பேண்டுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிற இடங்கள் கஃபேயின் மாடி, ஹோட்டலின் சின்ன ஹால், கல்லூரி அரங்கம் இவைதான். இதில் கஃபே விற்பது காபியும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸும்.

ஒரு காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருவதற்கு நம் ஊரில் யாருக்கும் கூச்சம் கிடையாது. மேசைகளை ஓரம் கட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டதும் கடைக்காரருக்கு அன்றைய வியாபாரத்தில் பாதி போய்விட்டது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த மாடி சும்மாவே நிறையும். அதை விட்டுக்கொடுத்துத்தான் அவர் பாட்டுக்கு இடம் கொடுத்தார். பேண்ட் பையன்களுக்கு இது கடைசி வரை உறைக்கவில்லை. ‘இடம் சும்மாதானே கிடக்கு’ என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் கேட்ட ஒரே சலுகை, நடுவில் இருபது நிமிடம் இடைவேளை. பேண்ட் மறுத்தது. பாட்டுகள் ஒன்றோடொன்று தொடர்ந்து வருகிற மாதிரி அடுக்கியிருக்கிறோம், நடுவில் நிறுத்தினால் கெட்டுவிடும் என்றார்கள். எழுபத்தைந்து நிமிடம் ஒரே மூச்சில் பாடினார்கள். பாட்டு நடக்கும்போது யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. கொடுத்த இரண்டொருவருக்காக ஜூஸ் மெஷின் ஓடியது, அதுவும் மெதுவான பாட்டாகப் பார்த்து. பரிமாறுகிற பையன் குனிந்துகொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் தட்டோடு நடந்தான். இடைவேளை விட்டிருந்தால் சமையலறைக்கு ஒரே அடியில் நாற்பது ஆர்டர் போயிருக்கும், மெஷினும் அந்த இருபது நிமிடத்தில் ஓடி ஓய்ந்திருக்கும். கஃபேயில் பாடுகிற எந்த பேண்டும் இரண்டு பகுதியாகத்தான் பாட வேண்டும் என்பது என் கருத்து. நாற்பது, இருபது, நாற்பது. இதனால் பாட்டில் சமரசம் செய்ததாக ஆகிவிடாது. கடை மூன்று மாதம் கழித்து மறுபடி கூப்பிட அதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

போனில் பேசிய ஒப்பந்தம்

ஒப்பந்தம் முழுவதும் போனிலேயே முடிந்தது. ‘எழுபதுக்கு முப்பது, சவுண்ட் நம்மகிட்ட இருக்கு தம்பி’ என்றார் கடைக்காரர். டிக்கெட் வசூலில் பேண்டுக்கு எழுபது சதவீதம், கடைக்கு முப்பது. இரண்டே விஷயம். இரண்டையும் இரு தரப்பும் வேறு வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள்.

கடைக்காரர் சொன்ன சவுண்ட் என்பது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எட்டு சேனல் மிக்ஸர் ஒன்று, மைக் இரண்டு. பிறந்தநாள் விழாவுக்கும் கரோக்கேவுக்கும் அது தாராளம். மைக்குக்கும் கருவிக்கும் ஆளுக்கொரு சேனல் என்று பேண்டுக்குத் தேவைப்பட்டது பதினான்கு சேனல். முந்தின வாரமே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தது வியாழக்கிழமை. அப்புறம் அவசரமாக ஒரு சவுண்ட் சர்வீஸைப் பிடித்தார்கள். ஆடி மாதம் வேறு. அம்மன் கோயில் கூழ் ஊற்றுதல், முளைப்பாரி, கரகம் என்று ஊரிலுள்ள மைக் செட் அத்தனையும் வெளியே போயிருக்கும். சவுண்ட்காரர் 7,000 ரூபாய் சொன்னார், கொடுத்தார்கள்.

இனி கணக்கு. 78 பேரில் காசு கொடுத்தவர்கள் 58. வசூல் 11,600. மீதி 20 பேர் அத்தை மகன், ரூம் மேட், பழைய பேண்டில் வாசித்தவர் என்று ஓசிப் பட்டியல். (நாலில் ஒரு பங்கு ஓசி என்பது எந்தக் கணக்குக்கும் தாங்காது. கோயில் கச்சேரியில் ஓசி என்று ஒன்று இல்லை, எல்லாருமே ஓசிதான், அது வேறு.)

பேண்டின் புரிதல்: சவுண்ட் கடையின் பொறுப்பு, வசூலில் எழுபது சதவீதம் நமக்கு. அப்படியானால் பேண்டுக்கு 8,120. கடைக்கு வரும் 3,480-இல் சவுண்டுக்கு 7,000 கொடுத்தால் அவருக்கு 3,520 நட்டம்.

கடைக்காரரின் புரிதல்: என்னிடம் இருக்கிற சவுண்டை வைத்துக்கொள்ளச் சொன்னேன், அதற்கு மேல் கொண்டுவந்தால் உங்கள் செலவு. அப்படியானால் கடைக்கு 3,480. பேண்டுக்கு 8,120-இல் 7,000 போக 1,120.

ராத்திரி பத்தரை மணிக்கு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேரும் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். சவுண்டை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரிக்கலாம் என்று சொல்லித்தான் முடித்தோம். 11,600-இல் 7,000 போனால் 4,600. அதில் பேண்டுக்கு 3,220, கடைக்கு 1,380. பேண்டின் தனிச் செலவுகள் 5,500: டிரம்மருக்கும் பறை வாசித்தவருக்கும் தலா 1,500, சாமான் வந்த வண்டிக்கு 1,500, போஸ்டருக்கும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கும் 1,000. அந்த 2,280 நட்டம் இப்படி வந்ததுதான்.

ஒரே ‘எழுபதுக்கு முப்பது’, மூன்று விதமான முடிவு. சதவீதத்தைப் பற்றி யாரும் சண்டை போடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதைக் கழித்த பிறகு சதவீதம் என்பதில்தான் மொத்தமும் இருந்தது. புதிதாக வருகிற பேண்டுகள் எழுபதை எண்பது ஆக்கப் பேரம் பேசுகின்றன. செலவைக் கழித்து எண்பதா, கழிக்காமல் எண்பதா என்று கேட்பதில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி என்றால், வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கை மாறும்போதே மேடை யார் போடுவது, மைக் செட் கமிட்டியா குழுவா, ஜெனரேட்டர் டீசல் யாருடையது, ராத்திரிச் சாப்பாடு எத்தனை பேருக்கு, மழை வந்தால் அட்வான்ஸ் திரும்புமா என்று எல்லாமே பேசி முடிந்துவிடும். ஸ்பெஷல் நாடகக் காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. சொந்தப் பாட்டு பாடுகிற இந்த மாதிரி இண்டி பேண்டுகள் தங்களை இந்த மரபிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கின்றன. பாட்டில் தள்ளி வைக்கட்டும், நல்லதுதான். பேச்சுவார்த்தையில் ஏன்? ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. கோயில் கச்சேரிக்குக் கூட்டத்தை அம்மன் கொண்டுவந்துவிடுவாள், கஃபேக்கு பேண்ட்தான் கொண்டுவர வேண்டும். இதையும் முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டும்: எங்கள் ஆள் எத்தனை பேர் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

இரண்டாம் மாடிக்கு ஏறிய பாஸ் பெட்டிகள்

சவுண்ட் சர்வீஸ்காரர் திருவிழா ஆள். திறமையானவர், ஆனால் திறந்தவெளிக்குப் பழகியவர். அடித்தொனியை அதிர வைக்கிற பதினெட்டு அங்குல பாஸ் (bass) ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை நாலு பேர் சேர்ந்து படியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்டில் நுழையவில்லை. அந்த ஹால் ஏறக்குறைய நாற்பது அடிக்கு இருபத்தைந்து அடி. கிரானைட் தரை, ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி.

இப்படிப்பட்ட அறையில் முதல் எதிரி டிரம்ஸ். மைக் வைக்காமலே டிரம் செட் நூறு டெசிபலைத் தொட்டுவிடும். பாடுகிறவரின் குரல் அதற்கு மேலே கேட்க வேண்டுமென்றால் ஸ்பீக்கரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி மைக்கிலேயே நுழைந்து ஊளையிடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. சவுண்ட்காரர் கிராஃபிக் ஈக்வலைசரில் ஊளையிடுகிற அலைவரிசைகளை ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்ட வெட்டக் குரல் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. மருந்து மிக்ஸரில் இல்லை, டிரம்மர் கையில் இருக்கிறது. தடித்த குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிக் கட்டோ பிரஷ்ஷோ வைத்து வாசிக்க வேண்டும், இல்லையென்றால் டிரம் செட்டை விட்டுவிட்டு மேலே உட்கார்ந்து கையால் தட்டி வாசிக்கிற கஹோன் என்ற மரப்பெட்டியைக் கொண்டுவர வேண்டும். கிட்டார் ஆம்ப்பைக் கூட்டத்தைப் பார்த்து வைக்காமல் வாசிக்கிறவர் காதைப் பார்த்துச் சாய்த்து வைத்தால் அவர் தானாகவே குறைத்துக்கொள்வார். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் இருக்க வேண்டும், பாடுகிறவர் தன் குரலைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் முதுகுப் பக்கம் வர வேண்டும். இவ்வளவுதான், இதற்கு ஏழாயிரம் வேண்டாம்.

இரண்டாவது எதிரி பாஸ் ஒலி. 60 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல். கண்ணாடி, செங்கல், கான்கிரீட் தளம் எதுவும் அதைப் பெரிதாக நிறுத்துவதில்லை. உள்ளே உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டு சுமார் சத்தமாகத்தான் கேட்டது. பின்பக்கத்து வீட்டில் பாத்திரம் அதிர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டிகளைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இரவின் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது.

மூன்றாவது விஷயம் சின்னதாகத் தெரியும், உயிர் போகிற விஷயம் அதுதான். ஒலிச் சோதனையில் கிட்டாரோடு பாடுகிற பெண், ‘அண்ணே, மைக்கு ஷாக் அடிக்குது’ என்றார். ‘ஒண்ணுமில்ல தங்கச்சி, எர்த்து இல்ல. செருப்பப் போட்டுக்கங்க’ என்று பதில் வந்தது. மிக்ஸர் ஒரு பக்க பிளக்கிலிருந்து ஓடியது. கிட்டார் ஆம்ப் தூணிலிருந்த இன்னொரு பிளக்கில், எர்த் இல்லாத இரண்டு முனை கன்வெர்ட்டர் வழியாக. விரல் கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் என்றால் இரண்டுக்கும் நடுவில் ஆள்தான் வயர். மேடைக்குப் போகிற மின்சாரம் முழுவதையும் எர்த் உள்ள ஒரே மூன்று முனை லைனிலிருந்து எடுத்ததும் ஷாக்கும் நின்றது, அதுவரை ‘கிட்டார் பிக்கப் பிரச்சினை’ என்று சொல்லிக்கொண்டிருந்த இரைச்சலும் நின்றது. ஒரு டெஸ்டரும், நல்ல மூன்று முனை எக்ஸ்டென்ஷன் போர்டு இரண்டும் பேண்டின் சொந்தச் சாமானாக இருக்க வேண்டும்.

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் ஈரம் குடித்தால் தொய்யும், தீயில் காட்டித்தான் இறுக்குவார்கள். மாடிக் கடைக்குள் நெருப்பு மூட்ட முடியாது. பறை வாசித்தவர் கீழே பார்க்கிங்கில் காகிதம் கொளுத்தினார், வாட்ச்மேன் விரட்டினார். இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு மூலை வாங்கி வைத்திருக்கலாம். இல்லையென்றால் ஃபைபர் பறை. வாசித்தவருக்கு ஃபைபர் பிடிக்காது, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

எட்டே முக்கால்

புகார் கொடுத்தது பின்பக்கத்து வீடு. இரண்டு காவலர்கள் மேலே வந்து கேட்டது ஒன்றுதான்: ‘பெர்மிஷன் லெட்டர் இருக்கா?’ கடைக்காரர் ‘ஸ்டேஷன்ல சொல்லியிருக்கேன் சார்’ என்றார். சொன்னது உண்மைதான், காகிதம் இல்லை.

பத்து மணிக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அலறலாம் என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்கு எந்த நேரமானாலும் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை அதற்குத் தடை, அரங்கம், சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடங்களின் உள் உபயோகத்துக்குத்தான் விலக்கு. அளவும் உண்டு. வணிகப் பகுதியில் பகலுக்கு 65 டெசிபல், இரவுக்கு 55. குடியிருப்புப் பகுதியில் 55, 45. தனியார் இடமென்றால் அதன் எல்லையில் அந்தப் பகுதியின் அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. பைபாஸ் ரோட்டில் முன்பக்கம் கடைகள், ஒரு சந்து தள்ளினால் வீடுகள். மதுரையின் பெரிய ரோடுகள் பலவும் இப்படித்தான். முன்பக்கத்தைப் பார்த்து வணிகப் பகுதி என்று நினைத்துக்கொள்கிறோம், புகார் பின்பக்கத்திலிருந்து வருகிறது. தூங்கா நகரம் என்ற பெயர் இட்லிக் கடைக்குப் பொருந்தும், பாஸ் பெட்டிக்குப் பொருந்தாது.

காவலர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். குறைத்துக்கொண்டு ஒன்பதரைக்குள் முடியுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பாஸ் பெட்டிகளை அணைத்தோம், டிரம்மர் பிரஷ்ஷுக்கு மாறினார். அப்போதுதான் முதல்முறையாகப் பாட்டின் வரிகள் புரிந்தன என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். பேண்டுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

துண்டுச் சீட்டு

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு போனது. கடையின் வாடிக்கைக் குடும்பம் ஒன்று, ஒரு பழைய சினிமாப் பாட்டு கேட்டு. ஆர்கெஸ்ட்ராவில் இது நேயர் விருப்பம், அங்கே சீட்டு வராவிட்டால்தான் கவலை. இங்கே பாடுகிற பெண் சீட்டைப் படித்துவிட்டு, ‘நாங்க எங்க பாட்டு மட்டும்தான் பாடுவோம்’ என்று மைக்கில் சொன்னார். கொஞ்சம் கைதட்டல், கொஞ்சம் மௌனம். அந்தக் குடும்பம் அடுத்த பாட்டோடு எழுந்துவிட்டது.

சொந்தப் பாட்டு மட்டும் என்பது நல்ல கொள்கை. அதை போஸ்டரிலேயே போட்டிருந்தால் அந்தக் குடும்பம் வேறு நாள் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கும். தாங்களே மாற்றிக் கட்டிய ஒரு சினிமாப் பாட்டை இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் வைத்தால் குறைந்துவிட மாட்டோம் என்பது என் நினைப்பு, பேண்டுக்கு உடன்பாடில்லை. ஆனால் அப்படிப் பாடுவதாக இருந்தால் உரிமை விஷயம் வருகிறது. அடுத்தவர் இசையையும் வரிகளையும் பொது இடத்தில் பாட உரிமம் வேண்டும், அதைப் பெரும்பாலும் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமை அமைப்பான ஐ.பி.ஆர்.எஸ். வழங்குகிறது. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கடைக்காரர் பதிவு செய்த பாட்டை ஸ்பீக்கரில் போடுவது இதிலிருந்து வேறு உரிமை. மேடையில் பாடுவதற்கான உரிமத்தை வாங்குவது கடையா பேண்டா என்று தாளில் ஒரு வரி இருந்தால் போதும். சொந்தப் பாட்டு எழுதி இசை அமைக்கிறவர்கள் தாங்களே அந்த அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்து வைப்பது நல்லது. இந்த பேண்டில் யாரும் செய்திருக்கவில்லை.

வரிப் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை. இசை நிகழ்ச்சி நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாதவரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. உள்ளாட்சிக் கேளிக்கை வரி பற்றி மட்டும் கடைக்காரரின் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

யார் வருகிறார்கள், எப்போது போகிறார்கள்

வாசலில் உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இது. காசு கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் கல்லூரி மாணவர்கள், அதில் நிறையப் பேர் ஹாஸ்டல். ஏழு மணி என்று போட்டு ஏழே முக்காலுக்கு ஆரம்பித்தார்கள். எட்டு மணிக்கே பெண்கள் கூட்டமாக எழுந்து போனார்கள், ஹாஸ்டல் கேட் மூடிவிடும். 200 ரூபாய் கொடுத்து மூன்று பாட்டு. மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆட்கள் பஸ்ஸைப் பார்த்து ஒன்பதுக்கு எழுந்தார்கள். மதுரையில் கஃபே நிகழ்ச்சி ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிய வேண்டும். ஹாஸ்டல் பிரச்சினை, பஸ் பிரச்சினை, பின்வீட்டுப் பிரச்சினை மூன்றும் ஒன்றாகத் தீரும். எட்டு மணிக்குப் பிறகு கடைக்காரர் மேசைகளை மறுபடி போட்டுச் சனிக்கிழமை வியாபாரத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

தேதியும் அப்படித்தான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஹோட்டல் ஹால்கள் காலியாக இருக்கும், வாடகை பேசலாம். ஆனால் சவுண்ட் கிடைக்காது, பறை வாசிப்பவர்களும் கிடைக்க மாட்டார்கள். ஆவணி முகூர்த்தங்களில் நேர்மாறு. சித்திரைத் திருவிழா நாட்களில் யாரும் எதையும் வைக்காமல் இருப்பதே உத்தமம். செமஸ்டர் தேர்வு வருகிற நவம்பரிலும் ஏப்ரலிலும் மாணவர் கூட்டத்தை நம்ப முடியாது.

புரட்டாசிக்கு எழுதிய தாள்

அடுத்த நிகழ்ச்சிக்கு அதே கடை, அதே பேண்ட். இந்த முறை ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தொடக்கம் 5.30, இரண்டு பகுதி, நடுவில் 20 நிமிடம். சவுண்ட் 2,500 ரூபாய்க்கு மிகாமல், பாஸ் பெட்டி இல்லாமல், வசூலில் முதலில் கழிக்கப்படும். பிறகு எழுபதுக்கு முப்பது. ஓசி இரு தரப்புக்கும் சேர்த்து எட்டு பேர். காவல் நிலைய அனுமதிக் கடிதம் கடையின் பொறுப்பு, கடிதத்தின் நகல் இரண்டு நாள் முன்னால் பேண்டிடம் இருக்க வேண்டும். பேண்ட் ரத்து செய்தால் போஸ்டர் செலவு பேண்டுடையது, கடை ரத்து செய்தால் கடையுடையது.

50 டிக்கெட் போனால் 10,000. சவுண்ட் போக 7,500. பேண்டுக்கு 5,250. டிரம்மருக்கும் பறைக்கும் 3,000, போஸ்டருக்கு 500. டிரம் செட் இல்லை, கஹோன்தான், அதனால் வண்டிச் செலவு இல்லை. மிச்சம் 1,750 மற்ற மூன்று பேருக்கு. டிரம்மருக்கு இந்தக் கஹோன் ஏற்பாட்டில் இன்னும் முழுச் சம்மதம் வரவில்லை.